கொடியில் உடுப்பு எடுத்த பெண்

பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதைவிட்டால் எனக்குள்ள ஒரே பைத்தியம் படம் பார்ப்பது. அதுவும் பெரிய படங்கள். முதற்காட்சிக்குப் பெடியள் வெடி கொளுத்துகிற படங்கள். நல்ல சினிமா தேடிப் பார்க்கிற என் சிநேகிதிகளுக்கு இது பிடிக்காது. எனக்கோ, இருட்டுக்குள் சனம் ஒன்றாக இருந்து எந்த இடத்தில் கைதட்டுகிறது என்பதைப் பார்க்கத்தான் ஆசை. எதையெல்லாம் நியாயம் என்று யோசிக்காமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தக் கைதட்டலில் வெளியே வந்துவிடும்.

அச்சுவேலிப் பக்கம் ஒரு வாசிகசாலை இருக்கிறது. அதை நடத்துகிற அண்ணை ஓய்வுபெற்ற தபாலதிபர். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருக்கிற படத்தைப் பற்றிக் கதைக்க விடுவார். தோட்டம் செய்பவர்கள், ஆசிரியர்கள், வேலை தேடுகிற பிள்ளைகள் என்று ஒரு சின்னக் கூட்டம் சேரும்.

அந்த முறை கதைத்த படம் ஊரெல்லாம் பார்த்த படம். கதாநாயகன் பொலிஸ் அதிகாரி. ஆற்றங்கரையில் ஒரு பழைய குடியிருப்புக்குள் வில்லன் குண்டுகளோடு ஒளிந்திருக்கிறான். விட்டால் நகரமே அழியும். நேரம் இல்லை. கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குடியிருப்பையே தகர்த்துவிடுகிறான். அதற்குச் சற்று முன்னர், கண் மூடித் திறக்கிற நேரத்துக்கு, பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கொடியில் காய்ந்த உடுப்பு எடுப்பதைக் காட்டுகிறார்கள். பிறகு நெருப்பு. பிறகு பறை முழங்க அவன் புகைக்குள்ளால் நடந்து வருகிறான். யாழ்ப்பாணத்துத் தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது. என் கையும் தட்டுவதற்குத்தான் உயர்ந்தது, ஆனால் தட்டாமல் நின்றுவிட்டது.

"கனபேரைக் காப்பாற்றக் கொஞ்சப்பேரைக் கொல்லலாமா என்பது மிகப் பழைய கேள்வி," என்று நான் வாசிகசாலையில் சொன்னேன். "அறிஞர்கள் காலம் காலமாக மண்டையை உடைத்த கேள்வி. இந்தப் படம் அதைக் கேட்கவில்லை. கேள்வி எங்கள் காதில் விழ முதலே மேளத்தை அடித்து மறுமொழி சொல்லிவிடுகிறது. உடுப்பு எடுத்த அந்தப் பெண் எங்கே போனாள்? படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள்கூட."

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நல்லாகக் கதைத்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூட இடைவேளையில் போன் வந்தது. தெரியாத இலக்கம்.

"டீச்சர் தானே? அச்சுவேலியில ஒரு படத்தைப் பத்திப் பேசினீங்க. பயப்பட வேணாம், சின்ன விஷயம். திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்கு, நம்ம ஆபீசுக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அது புலனாய்வுப் பொலிஸ் ஆபீஸ் என்றார். பயப்பட வேண்டாம் என்று அந்த இடத்திலிருந்து சொன்னால், பயப்படுவதற்கு வேறு காரணம் ஒன்றும் தேவையில்லை.

வீட்டில் இவரிடம், என் கணவரிடம், சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சரும், நீர் என்ன கதைச்சனீர்?"

"படத்தைப் பற்றித்தான்."

"படத்திலை எந்த இடத்தைப் பற்றி?"

சொன்னேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "உமக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார். கோபம் இல்லை. அவருக்கும் பயம்.

திங்கள் வரும்வரை வாசல் பக்கமே காது கிடந்தது. ஒழுங்கைக்குள் மோட்டர் சைக்கிள் வந்து வேகம் குறைந்தால் ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். முகநூலில் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்கமுன் ஒவ்வொன்றையும், முன்னர் கண்டிராத அந்த மனிதரின் கண்ணால் வாசித்தேன். பேய்ப் படத்தைப் பற்றி எழுதியதில்கூட அவருக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும் போலிருந்தது. படங்களுக்குள் ஒளிந்திருப்பதைத் தோண்டி எடுப்பதை நான் இவ்வளவு காலமும் ஒரு விளையாட்டாகத்தான் செய்துகொண்டிருந்தேன். அதே வேலையை இன்னொருவர் என்மேல் செய்யப்போகிறார். வகுப்பில் ஒளிமுறிவு படிப்பித்துக்கொண்டிருந்தபோது வசனத்தின் நடுவில் நின்றுவிட்டேன். "மிஸ், மிச்சம்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல தமிழ், ஆனால் எங்கள் ஊர்த் தமிழ் இல்லை. எனக்கு முன்னால் பால் விடாத பிளேன்ரீ வைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

"படம் நானும் பார்த்தேன் டீச்சர். கூட்டிட்டுப் போகச் சொல்லிப் பிள்ளைகள் ஒரே கரைச்சல்," என்று சிரித்தார். பிறகு தன் போனை மேசையில் வைத்து அழுத்தினார். என் குரல் வந்தது. நாங்கள்கூட என்று முடிந்தது. அந்தக் குரலில் துளி பயம் இல்லை. யாரோ வேறு பெண் போலிருந்தது.

"இந்தப் பொம்பிளை யாரு?"

"படத்திலை வாறவ, சேர்."

"அது தெரியும். நீங்க யாரை நினைச்சுச் சொன்னீங்க?"

வாசிகசாலையில் கதைத்தபோது நான் ஒருவரையும் நினைக்கவில்லை. அது சத்தியம். ஆனால் அவர் கேட்டு, நான் மறுமொழி தேடிய அந்தக் கணத்தில் என் மச்சாள் வந்து நின்றாள். சண்டையின் கடைசி இடப்பெயர்வில், செல் குண்டுச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரம், தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே காயப்போட்ட உடுப்பை எடுத்துக்கொண்டு வாறன் என்று போனவள். திரும்ப அடி தொடங்கியதும் நாங்கள் மற்றப் பக்கம் ஓடினோம். அதன் பிறகு அவளை ஒருவரும் காணவில்லை. அந்தப் படத்தில் ஆயிரம் காட்சிகள் இருக்க, ஏன் அந்த ஒரு காட்சி மட்டும் என் கையைத் தட்டவிடாமல் நிறுத்தியது என்பதை, என்னை விசாரிக்கக் கூப்பிட்டவர்தான் எனக்குக் காட்டித் தந்தார்.

"ஒருத்தரையும் நினைக்கேல்லை, சேர்," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துக்கு யார் யார் வந்தாங்க?"

"முகம் தெரியும். பெயர் தெரியாது."

"சரி. அடுத்த முறை என்ன படம்னு முதலே சொல்லுங்க. நாங்களும் தெரிஞ்சுகொள்ளலாம்."

அவ்வளவுதான். வெளியே வெயிலுக்குள் இவர் ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். "என்ன கேட்டவை?" என்றார். "படத்தின்ரை கதையை," என்றேன். மோட்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்தினேன்.

வாசிகசாலை அண்ணை கொஞ்சக் காலத்துக்குப் பகிடிப் படங்களாக எடுப்போம் என்றார். நானும் ஓம் என்றேன். பயம் மெல்ல மெல்லத் தேய்ந்து, போன் அடித்தால் திடுக்கிடுவதோடு நின்றது.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, அதே இலக்கம்.

"டீச்சர், நேத்து அந்தப் படத்தை டிவியில போட்டாங்க. வீட்டில எல்லாரும் பார்த்தோம். உங்கட பொம்பிளை சாகல்ல. கடைசியில ஹீரோவுக்கு மாலை போடுற சனத்துக்குள்ள நிக்கிறா. அதே பச்சைச் சேலை. வடிவாப் பாருங்க."

"ஓம் சேர்," என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்ததாக எனக்குப் பட்டது. உங்களை மறக்கவில்லை என்று சொல்லும் வேறொன்றும் இருந்தது. எது உண்மை என்று இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம்.

இவரும் நானும் கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியில் அந்த இடத்தைத் தேடினோம். இருந்தாள். பச்சைச் சேலை, மாலையின் பின்னால் பாதி முகம்.

"உது துணை நடிகை. ஒரே ஆளை ரண்டு இடத்திலை நிப்பாட்டியிருப்பினம்," என்றார் இவர். "நம்பரை மாத்தும்."

நான் படத்தை நிறுத்தி அந்த முகத்தையே பார்த்தேன். அவள் உயிரோடு இருந்தால்தான் அந்த அதிகாரியால் தன் பிள்ளைகளோடு அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்க முடியும். அதனால் தேடியிருக்கிறார். எனக்கும் அது அவளாகவே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத் தேடிப் பிடிப்பது அவருடைய தொழில். அன்றைக்கு வாசிகசாலையில் இருந்த முகங்களையும் அவர் அப்படித்தானே தேடியிருப்பார்?

நம்பரை மாற்றவில்லை. மாற்றினால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுப்பார்கள்.

கூட்டங்கள் இன்னும் நடக்கின்றன. சிரிப்புப் படங்களைப் பற்றிக் கதைக்கிறேன், சனம் சிரிக்கிறது, உள்ளே ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. முடிந்த பிறகு வெளியே றோட்டில், சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். போன மாதம் தோட்டக்கார அம்மா ஒருவர் அப்படி வந்தார். அந்தப் பொலிஸ் படத்தைப் பற்றிய கூட்டத்திலும் இருந்தவர்.

"பிள்ளை, அண்டைக்குச் சொன்ன அந்தப் பெட்டை, உடுப்பு எடுக்கப் போனவள், அவளைப் பற்றி பேந்து ஏன் கதைக்கேல்லை?"

நான் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"அவ தப்பீட்டா எண்டு சொல்லுகினம், அம்மா."

"ஆர் சொல்லுகினம்?"

ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினேன். அவர் ஹாண்டிலில் கை வைத்து, நான் மறுமொழி சொல்லும்வரை விடவில்லை.

"வீட்டை வாங்கோ அம்மா," என்றேன். "அங்கை இருந்து கதைப்பம்."