கறுப்புக் குடைக்குள் பார்த்த டப்பா

போலிச் சரக்கைப் போலி என்று சொல்வதற்கு நான் எந்தக் காலத்திலும் பயந்ததில்லை. கடைக்காரர்கள் கத்துவார்கள், அழுவார்கள். ஒருவர் கால்குலேட்டரை என் பக்கம் வீசியே எறிந்தார். அதெல்லாம் பழகிப்போனது. அசல் சரக்கை அசல் என்று சொல்லும்போதுதான் நான் பயந்திருக்க வேண்டும். அது எனக்கு வெகுநாள் தெரியவில்லை. தெரிந்துகொண்ட காலையைப் பற்றி, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கைப்பையில் மூன்று சாமான்கள்

ஒரகடம் பக்கம் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. முதலில் குவாலிட்டி செக்‌ஷன். எங்கள் பெயர் போட்ட போலிகள் சந்தையில் புழங்க ஆரம்பித்ததும், கடைகளுக்குப் போய்ச் சரக்கைச் சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை என் ஏரியா.

கைப்பையில் எப்போதும் மூன்று சாமான்கள் இருக்கும். ஒரு யு.வி. டார்ச், ஒரு லென்ஸ், ஒரு கறுப்புக் குடை. எங்கள் டப்பாவின் வலது மேல் மூலையில், கண்ணுக்குத் தெரியாத மையில் ஒரு சின்ன முத்திரை உண்டு. யு.வி. வெளிச்சம் பட்டால் மட்டும் அது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒளிரும். பேக்கிங் செக்‌ஷனில் கையால் குத்துகிற முத்திரை என்பதால் ஓரம் கொஞ்சம் பரவித்தான் இருக்கும். பகல் வெளிச்சத்தில் அது சரியாகத் தெரியாது. அதற்குத்தான் குடை. கடைக்குள்ளேயே குடையை விரித்து, டப்பாவையும் என் தலையையும் அதற்குள் நுழைத்துக்கொண்டு பார்ப்பேன். "இன்னா மேடம், கடைக்குள்ள மழ பெய்தா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

லென்ஸ் இரண்டாவது குறிக்கு. விலை அச்சடித்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு இருக்கும். வெறும் கண்ணுக்கு அது கோடு. லென்ஸில் பார்த்தால் எங்கள் கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் வரிசையாக ஓடும். டப்பாவை ஸ்கேன் செய்து போலி அடிக்கிறவர்களுக்கு அந்த எழுத்து வராது, கோடாகவே கலங்கிவிடும்.

முதலில் டார்ச், பிறகு லென்ஸ். இரண்டும் பார்த்தால்தான் சோதனை முடிந்ததாக அர்த்தம். இன்னொரு விதியும் உண்டு. குறி என்ன, எங்கே இருக்கிறது என்று வெளியில் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது. கட்டிய கணவரையும் சேர்த்துத்தான். எனக்கு வெயில் ஆகாது, அதனால்தான் குடையும் கையுமாக அலைகிறேன் என்று என் கணவர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

2. "தைரியமா போடுங்க"

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் குமரேசன் என்பவரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வியாழக்கிழமை மதியம் போனேன். அவர் எங்களிடம் வாங்குவதைவிட விற்பது அதிகமாக இருக்கிறது என்று எங்கள் சேல்ஸ் ஆள் சந்தேகப்பட்டிருந்தார்.

"மேடம், எல்லாமே பில் போட்டு வாங்கினது. புது ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட கொஞ்சம் எடுத்தேன், அவ்வளவுதான். போலின்னு எழுதிட்டீங்கன்னா நான் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார் குமரேசன். அந்தப் புது ஏஜென்ட் கொடுத்த டப்பாக்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன்.

குடையை விரித்தேன். முதல் டப்பா ஒளிர்ந்தது. இரண்டாவதும் ஒளிர்ந்தது. எட்டு டப்பா பார்த்தேன், எட்டும் ஒளிர்ந்தன. ஒரு மனிதரை அழ வைக்காமல் போகப்போகிறோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கவுன்டரில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அதே லாட்டில் ஒரு பிரேக் பேட் டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை, படப்பைப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், கடைக்குப் பழைய வாடிக்கை.

"மேடம், இந்த டப்பா கலரு வேற மாரி கீது. போன தபா வாங்கினது பளிச்சுனு இருந்துச்சி. இது டல்லடிக்குது. புள்ளைங்க வர்ற வண்டி, அதான் கேக்குறேன்" என்றார்.

குமரேசன் குறுக்கே வந்தார். "ஆயுத பூஜைக்கு எல்லா டப்பாவுக்கும் வலது மேல் மூலையில மஞ்சள் பொட்டு வச்சேன்பா. அப்புறம் ஈரத்துணியால துடைச்சுட்டேன். அந்தக் கறையா இருக்கும்."

மஞ்சள் என்ற சொல் என் காதில் நன்றாகவே விழுந்தது. எங்கள் டப்பாவே மஞ்சள் நிறம், கறை கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அதை அதற்கு மேல் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் இதே வேலையாக இருக்கிறேன், ஒரு வேன் டிரைவர் எனக்கு டப்பா பார்க்கக் கற்றுக்கொடுக்கிறாரா என்ற எரிச்சல்.

"பிரிண்டிங்ல லாட்டுக்கு லாட் கலர் கொஞ்சம் மாறும்ங்க. நான் செக் பண்ணிட்டேன். தைரியமா போடுங்க" என்றேன்.

"நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் இன்னா" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். லென்ஸ் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. 'அசல்' என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டு, வழக்கப்படி சாம்பிளுக்கு இரண்டு டப்பா எடுத்துக்கொண்டு சேலையூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3. வெள்ளிக்கிழமை காலை

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். வெள்ளிக்கிழமை என்பதால் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். பாதியில், முந்தின நாள் டார்ச் கொஞ்சம் மங்கலாக எரிந்தது நினைவுக்கு வந்தது. சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, மஞ்சள் கையோடு இருட்டு அலமாரிப் பக்கம் போய் அதை அழுத்தினேன்.

என் கட்டைவிரல் ஒளிர்ந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த அதே நிறம். எட்டு டப்பாவில் நான் பார்த்த அதே நிறம்.

சாம்பிள் டப்பாவை எடுத்து மூலையில் டார்ச் அடித்தேன். ஒளிர்ந்தது. பஞ்சைச் சானிடைசரில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்தேன். எங்கள் மை அதற்கெல்லாம் அழியாது. இது அழிந்தது. டப்பாவில் இருந்த வெளிச்சம் இப்போது பஞ்சில் இருந்தது. லென்ஸை எடுத்து விலைக்குக் கீழே பார்த்தேன். எழுத்தே இல்லை, கலங்கிய கோடுதான்.

"காபி ஆறுது" என்றார் கணவர். நான் குமரேசனின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குமரேசன் மூன்றாவது தடவை அடித்தபோதுதான் போனை எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் ஏழுமலையின் நம்பரைக் கொடுத்து, "ஏழு மணிக்கு கரசங்கால்ல பசங்களை ஏத்துவார் மேடம்" என்றார். ஏழுமலைக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து என் மேனேஜருக்கு அடித்தேன். "அவசரப்படாதீங்க மேடம். ரிப்போர்ட் மேல போயிடுச்சு. ஆபீஸ் வாங்க, பேசி முடிவு பண்ணலாம். வெளியில யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க" என்றார்.

"ஸ்கூல் வேன் சார்."

"புரியுது மேடம், ஆனா..."

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பிரேக் பேட் என்பது ஓர் இரும்புத் தகடும் அதில் ஒட்டிய, உரசி வண்டியை நிறுத்துகிற லைனிங்கும்தான். போலியில் அந்தப் பசை சூடு தாங்காது. மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. குறுக்கே ஏதாவது வந்து, டிரைவர் முழு பலத்தோடு மிதிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் என் கஷ்டம். முடிச்சூர் சாலை முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன். எதிரில் வந்த ஒவ்வொரு மஞ்சள் வேனையும் முறைத்துப் பார்த்தேன். மண்ணிவாக்கம் தாண்டி ஒரகடம் சாலையில் ஏறியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு லாரிக்கு முன்னாலும் அந்த வேனை நிறுத்திப் பார்த்தது என் பாழாய்ப்போன மனசு. தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன்.

கரசங்காலில் வேன் நின்றுகொண்டிருந்தது. ஒரு குழந்தை ஏறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை வேனுக்கு நேர் முன்னால் குறுக்காக நிறுத்தினேன்.

"இன்னா மேடம், வழில வந்து நிறுத்திகினு?" என்றார் ஏழுமலை.

"பேட் போட்டாச்சா?"

"நேத்தே போட்டாச்சி. சாய்ங்காலம் ஒரு ட்ரிப்பு அடிச்சேன். இது ரெண்டாவது."

"வண்டியை எடுக்காதீங்க. அது போலி. நேத்து நான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "நேத்து தைரியமா போடுன்னீங்க. இன்னிக்கு போலின்றீங்க. வெளாட்றீங்களா? உள்ள பதினோரு புள்ளைங்க கீது. பெல்லு அடிச்சிட்டா ஸ்கூல்ல எனக்குத்தான் பேஜாரு. வண்டிய எடுங்க மேடம்." கை சாவிக்குப் போனது.

வெறும் வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார். நம்ப வேண்டிய அவசியமும் இல்லை, நேற்று நம்பியதால்தான் இப்படி ஆகியிருக்கிறது. நடுரோட்டில் குடையை விரித்து டிரைவர் ஜன்னலுக்குள் நுழைத்தேன்.

"ஆன்ட்டி, மழையே இல்லையே!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாததை ஏழுமலைக்குச் சொன்னேன். இரண்டாவது சாம்பிள் டப்பாவின் மூலையில் டார்ச் அடித்தேன். அடுத்து மஞ்சள் ஒட்டியிருந்த என் கட்டைவிரலில் அடித்தேன். பிறகு சானிடைசரில் நனைத்த பஞ்சை அவர் கையில் கொடுத்து மூலையை அவரையே துடைக்கச் சொன்னேன். பஞ்சு ஒளிர்ந்தது, டப்பா இருண்டது. ஏழுமலை சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளை ஒவ்வொருவராகச் வண்டிகள் போகாத ஓரப்பக்கமாக இறக்கினார். கடைசியாக முன் சீட்டில் இருந்த இரட்டை ஜடைக்காரியைத் தூக்கி இறக்கி, தன் காலோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வரும்போது வேனின் பின் கண்ணாடியில் நான் பார்த்த 'ஹரிணி' அவர் மகளின் பெயர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

4. சக்கரத்தைக் கழற்றியபோது

பெற்றோர்கள் வந்து பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் அனுப்பினார்கள். ஓர் அம்மா என்னை நிற்க வைத்துத் திட்டினார். அவர் திட்டியது மொத்தமும் நியாயம்.

படப்பையிலிருந்து மெக்கானிக் வந்து அங்கேயே ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினார். இடதுபக்கப் பேடில் லைனிங்கின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து லேசாக நெம்பினார். வெந்த தோசை கல்லை விட்டு வருகிற மாதிரி லைனிங் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

"எவனாவது குறுக்க வந்து நீ அழுத்தி மிதிச்சிருந்தா அவ்ளோதான்ணா" என்றார் மெக்கானிக்.

ஏழுமலை ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "டப்பாவ கைல வாங்குனதுமே எனக்கு டவுட்டு வந்துச்சி மேடம். நீங்க சொன்னீங்களேன்னு வுட்டுட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

திருத்திய ரிப்போர்ட்டை அங்கிருந்தே அனுப்பினேன். குறியை வெளியாள் ஒருவருக்குக் காட்டிவிட்டேன் என்பதையும் எழுதினேன். மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். குமரேசன் மிச்ச டப்பாக்களையும், அதே லாட்டில் வாங்கிய மற்றவர்களின் நம்பர்களையும், ஏஜென்டைப் பற்றிய விவரங்களையும் மறைக்காமல் கொடுத்ததால் அவர் கடை பிழைத்தது. பிறகு நடந்த மீட்டிங்கில், பேக்கிங் செக்‌ஷனில் இருந்த பூஜை மஞ்சளைக் கொண்டுவந்து டார்ச் அடித்துக் காட்டினேன். ஆயுத பூஜையன்று ஃபோர்க்லிஃப்ட்டுக்கே மஞ்சள் பொட்டு வைக்கிற ஊரில், மஞ்சளைப் போலவே ஒளிர்கிற மையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். என் டார்ச்சுக்கே வருஷா வருஷம் பொட்டு வைத்தவள் நான். ஒருவருக்கும் தோன்றவில்லை. மையை மாற்றினார்கள். இப்போது என்ன நிறம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஸ்டோரிலிருந்து ஒரு செட்டை நானே எடுத்துக்கொண்டு கரசங்காலுக்குத் திரும்பினேன். சானிடைசர் போட்டுத் துடைத்தேன். டார்ச் அடித்தேன். லென்ஸில் இரண்டு தடவை படித்தேன்.

"போடலாமா மேடம்?" என்றார் ஏழுமலை.

'தைரியமா' என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"மை அழியல. எழுத்து தெரியுது. ரெண்டையும் என் கண்ணால பார்த்தேன்" என்றேன். பிறகு, முந்தின நாள் கடையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "உங்களுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க."

லென்ஸை வாங்கி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். டப்பாவைத் திருப்பி வெயிலில் கலரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

"மாட்டுப்பா" என்றார்.

ஓய்வு பெறும்வரை 'தைரியமா' என்ற சொல்லை எந்தக் கடையிலும் நான் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். வாங்குகிறவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் குடையை மடக்கி வைத்துவிட்டு, அவருக்கு என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள். அந்த வண்டியில் உட்கார்ந்து போகப்போவது அவருடைய பிள்ளை.