ஷிரா குடித்த சட்டை

ஷிரா என்ற சிவப்பு வைனை நான் ஒரு சொட்டும் நாக்கில் வைத்ததில்லை. ஆனாலும் அதோடு எதைத் தின்னலாம் என்று கேட்டால் வக்கீல் மாதிரிக் கதைப்பேன். பொத்துவில் பக்கத்தில் ஒரு கடற்கரை விடுதிக்கு நான்தான் சமையற்காரன். போத்தலைத் திறந்தால் நாவற்பழமும் மிளகும் புகையும் குசினி அடுப்பு வரைக்கும் மணக்கும். அந்த முரட்டு வாடைக்கு முரட்டு இறைச்சிதான் ஈடுகொடுக்கும்: மிளகு தூக்கலாகப் போட்டு வறட்டிய மாட்டிறைச்சி, தணலில் கருகவிட்ட ஆட்டுத் தொடை. மீன், கணவாயைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி இருக்குமாம். எல்லாம் வெள்ளைக்காரர் சொல்லிக் கேட்ட ஞானம்.

அன்று மத்தியானம் இரண்டு வெள்ளைக்காரக் கூட்டாளிமார் ஷிராவும் கணவாய்க் கறியும் கேட்டார்கள். கணவாய் சரிவராது, மாட்டிறைச்சி தருகிறேன் என்றேன். ஒருவன் சம்மதித்தான். மற்றவன் கணவாய்தான் வேண்டுமென்று மேசையில் குத்தினான். அடுத்த குத்து மேசையில் விழவில்லை, கூட்டாளியின் மூக்கில் விழுந்தது. மூக்குடைந்தவன் போத்தலைத் தூக்கி வீச, அது என் தலைக்கு மேலே தூணில் வெடித்தது. ஷிரா முழுவதும் உச்சியிலிருந்து இடுப்பு வரை என்மேல். நானும் வீரனாக நின்றேன், கறிச்சட்டி கையிலிருந்து விழும் வரைக்கும். பிறகு ஓடினேன். மூச்சு வந்தபோது கல்முனை பஸ்ஸுக்குள் இருந்தேன்.

"காக்கா, ஆரு வெட்டின?" என்று கண்டக்டர் அலறினான். எங்கள் ஆட்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். பஸ் நிறைய, குடி ஹராம் என்னும் தொப்பி போட்ட ஆட்கள். வைன் என்று சொல்ல வாய் வரவில்லை, முனகினேன். அவனுக்கு என் மச்சானைத் தெரியும். பஸ் கோமாரி ஊரைத் தாண்டுமுன் அவருக்கு ஃபோன் போய்விட்டது.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீடு மனுசியுடையது. சுற்றிவர அவளுடைய சகோதரர்கள். வைன் வாடையோடு போனால் என் பெட்டி ரோட்டில்தான். ரத்தம் என்றே சாதித்துவிட்டுக் குளித்துத் தப்புவோம் என்று முடிவெடுத்தேன்.

வீட்டு வாசலில் மனுசியின் மூத்த சகோதரன், இறைச்சிக்கடைக்கார மச்சான், வெட்டுக்கத்தியோடு நின்றார். பின்னால் பொல்லுத் தடிகளோடு சனம். லொறி உறுமிக்கொண்டிருந்தது.

"பேரச் சொல்லுங்க மச்சான். அவன்ட கையத் துண்டாக்கிப் போட்டுத்தான் மறுகா சோறு."

"சின்னக் காயம்தான், விடுங்க மச்சான்."

"அந்த விடுதி முதலாளிதானே? ஏறுங்கடா! கொளுத்திப்போட்டு வருவம்!"

முதலாளி கரப்பானைக்கூட அடிக்காத மனிதர். லொறி நகர்ந்தது. ஓடிப்போய் அதன் முன்னால் விழுந்தேன்.

"ரத்தமில்ல! வைன்! வைன்!"

மச்சான் இறங்கி வந்து என் கொலரைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். முதல் குத்தில் பல்லொன்று ஆடியது, இரண்டாவதில் விழுந்தது.

"குடிச்சுப்போட்டு எங்கட தங்கச்சிர வீட்டுக்கு வாறியாடா?"

அடிக்க ஆள் தேடி வந்த சனத்துக்கு ஆள் கிடைத்துவிட்டான். விலாவில் பொல்லு இறங்கியது. மணலில் நத்தை மாதிரிச் சுருண்டேன். அல்லாஹ்வையும் உம்மாவையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். இடையில் கண்டக்டரையும் கூப்பிட்டதாகச் சொல்கிறார்கள்.

"விடுங்க காக்கா!" என்று மனுசி பாய்ந்து வந்தாள். என் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள்.

"வாயத் திறங்க. ஊதுங்க."

ஊதினேன். ஒருமுறை முகர்ந்தாள். நம்பாமல் இன்னொருமுறை முகர்ந்தாள்.

"வெங்காயம்தான் மணக்குது. இவர் குடிக்கல்ல."

"அப்ப இந்தச் சட்ட?"

"சட்டதானே குடிச்சிரிக்கி? அத வெட்டுங்க."

மச்சான் சட்டையை உரித்தெடுத்தார். வாசற்படியில் போட்டுக் கத்தியால் கொத்தினார், நார் நாராகும் வரைக்கும். பொல்லுக்காரர்களும் சும்மா திரும்பிப் போக மனமில்லாமல் ஆளுக்கொரு அடி போட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் நான்தான் துள்ளினேன்.

மனுசி கிணற்றடியில் வைத்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றினாள். பிறகு வாசலைக் காட்டி, "உள்ளுக்கு வாங்க" என்றாள். மச்சான் பக்கம் பார்க்காமல் இடுப்பில் ஈரச் சாரனோடு ஓடிப்போய், உள்ளே நின்று நானே கதவைப் பூட்டினேன்.