பழுப்புக் கழுகு

மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவைச் செங்கல்பட்டில் சித்தி வீட்டில் ஆட்டமாய் ஆடித் தீர்த்துவிட்டு, நான் ஊர் திரும்பும் நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் ஊரான மகாபலிபுரத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் பஸ். என்னைக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் சித்தியையும் மலையேற்றிவிடலாம் என்று அவளுடைய மாமியார் திட்டம் போட்டிருந்தாள். சித்திக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. உச்சிவேளையில் மலைமேல் சர்க்கரைப் பொங்கல் தின்ன வரும் இரண்டு வெள்ளைக் கழுகுகளைப் பார்த்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பொறுப்பது, இல்லையென்றால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பது. வீட்டில் பேச்சு அப்படித்தான் முடிந்திருந்தது. கூட்டத்தில் பாவி யாராவது இருந்தால் கழுகு வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

சித்திரை வெயில். சித்தி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியேறினாள். பாறைமேல் ஒருவர் பொங்கல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்க, ஜனங்கள் எல்லாம் அண்ணாந்து கிடந்தார்கள். உச்சி தாண்டியும் வெள்ளைக் கழுகுகளைக் காணோம்.

அப்போது ஒரே ஒரு பறவை வந்து இறங்கியது. உடம்பெல்லாம் அழுக்குப் பழுப்பு.

"ஐயே, பருந்துப்பா! சாமி சோத்துல வாய வெச்சிடப் போவுது, ஓட்டு!" என்று ஒரு தலைப்பாக்காரர் துண்டைச் சுழற்றினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் மணலில் காயும் கருவாட்டுக்குக் காவல் நான்தான். பருந்தோடு தினம் மல்லுக்கட்டுகிறவளுக்குப் பருந்து தெரியாதா? பருந்தின் வால் நடுவில் கத்தரித்தாற்போல் பிளந்திருக்கும். இதன் வாலோ ஆப்பு மாதிரி நடுவில் நீண்டிருந்தது. பருந்து பாய்ந்து அடித்துக்கொண்டு போகும். இது கோழி மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்து வந்தது. மூக்கும் ஒல்லி.

"சித்தி, அது பருந்தில்ல, கழுகுதான். வால பாரு!"

சித்தி பார்த்தாள். அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. அதற்குள் மாமியார், "இன்னாடி நீ, எது வெள்ளைன்னு கூடவா தெரில? வாய மூடிகினு நில்லு" என்று என் தலையில் குட்டினாள். கூட்டமே கைதட்டி விரட்டியது. அந்தப் பறவை ஒரு வாய்கூடத் தின்னாமல் போயே போய்விட்டது.

"பாவி வந்து நின்னா பட்சி எப்டி வரும்?" என்றாள் மாமியார். பக்கத்தில் நின்றவர்கள் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி ராஜஸ்தானில் குடியிருந்தபோது, ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் அதே வெள்ளைக் கழுகுகளைப் பார்த்தேன். நடுவே ஒரு பழுப்பு. அது அவற்றின் குஞ்சு, வெளுக்க நாலைந்து வருஷமாகும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளை கேட்டுப் போன இடத்தில் பிள்ளைதானே வந்து இறங்கியிருக்கிறது! அதைப் போய்த் துண்டு வீசித் துரத்தினார்களே, படுபாவிகள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அடிவாரத்தில் எங்கள் இருவரையும் மகாபலிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்ட மாமியார், "கொஞ்ச நாளு உன் அக்கா வூட்லயே இரு. நாங்களே வந்து இட்டுகினு போறோம்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, செங்கல்பட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். யாரும் வரப்போவதில்லை என்று சித்திக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி இனிமேல் எங்கள் வீட்டிலேயே இருப்பாள் என்று நான் மட்டும் வழிநெடுக சீட்டில் குதித்துக்கொண்டே வந்தேன்.