புலியைச் சுட்ட வருஷம்

கந்தப்பளைக்கு மேலே நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த காட்டிலிருந்து ஒரு சிறுத்தைப் புலி இறங்கி வந்து நாய்களைத் தூக்கிப் போகும். ஒருமுறை தோட்டத்தை நடத்திய துரையின் நாயையே தூக்கியது. துரை அதைச் சுட்டு பங்களா வாசலில் கிடத்தினார். நாங்களும் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். மறுவருஷம் புதிதாகத் தேயிலை நடுவதற்காகக் காட்டையும் வெட்டினார்கள்.

அதுவரை லயத்தில் நாய்க்குட்டிகள் பிழைத்து வளர்வதே அபூர்வம். பிறகு எங்கு பார்த்தாலும் நாய். காட்டை இழந்த நரிகளும் குப்பைக்குழிக்கு வந்து அவற்றோடு கடித்துக்கொண்டன. அப்படிக் கடிபட்ட ஒரு நாய்க்கு வெறி பிடித்தது. கொழுந்து பறிக்கப் போன என் அக்காவின் காலை அது கவ்விவிட்டது.

தோட்டத்து மருந்துக்கார ஐயா எங்கள் ஆள்தான். அக்காவை "தங்கச்சி" என்றே கூப்பிடுவார். தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அவர் துண்டுச் சீட்டு எழுதித் தந்தால்தான் தோட்டத்து லொறியில் நகர ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

"ஊசி போடணும்னு சொல்றாங்க. ஒரு துண்டு குடுங்கண்ணே" என்று நான் கேட்டேன்.

"நம்ம லயத்து நாய்தானே தங்கச்சி, ஒண்ணும் ஆகாது" என்று அக்காவிடம் சொல்லி, காயத்தைக் கழுவி மருந்து தடவினார். அக்கா அவரைக் கும்பிட்டுவிட்டு மறுநாளே வேலைக்குப் போனாள்.

ஒன்றரை மாதத்தில் காய்ச்சல் வந்தது. தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாலே தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

சாவு வீட்டில், ஐயா வீட்டில் சமைக்கும் பெண் என் காதோடு சொன்னாள்: "அதே நாய் ஐயா மகளையும் கடிச்சிச்சு. புள்ளைய தெனமும் டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி, தொப்புளைச் சுத்தி ஊசி போட்டாங்க. வெளியே சொல்லாதேன்னாங்க."

நேரே மருந்துக்கூடத்துக்குப் போனேன்.

"தெரிஞ்சேதானே எங்கக்காவை ஊசி போட விடாம திருப்பி அனுப்புனீங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "நாய்க்கடின்னு ஆளுகளை டவுனுக்கு அனுப்புனா வேலை நின்னுடும்னு தொரை சத்தம் போட்டாரு. நான் என்ன செய்யட்டும்? எம் புள்ளையை என் செலவுல கூட்டிட்டுப் போனேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தாவது போயிருப்பாளே."

அந்த வாரமே துரை ஆள் வைத்து நாய்களைச் சுட்டார். எனக்குக் கல்யாணமாகி அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை, எத்தனை காய்ச்சல் அடித்தாலும் மருந்துக்கார ஐயாவிடம் நான் மருந்து வாங்கவில்லை.