கழுத்தளவுக் கோடு

கீழ்த்தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுப்பதற்கு முன் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். கண்ணை இறுக மூடிக் குனிந்து, கையால் துழாவி எடுத்து, நிமிர்ந்த பிறகுதான் மூச்சை விடுகிறாள். முகத்தை வேறு துடைத்துக்கொள்கிறாள்.

வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் கணவர் பஸ் கண்டக்டர். சும்மா இருக்கமாட்டார்.

“படகுக்கு டிக்கெட் கிழிக்கட்டுமா?”

“சிரிங்க, சிரிங்க. வாயைத் திறந்தா உள்ள போயிரும்.”

நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பது அவள் வேலை. ஆற்றுநீரை ஜாடிகளில் ஊற்றிப் படிகாரம் கலக்கி, கன்னத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கலங்கல் அடியில் படிந்ததும், அடம்பிடித்த பிள்ளையைச் சொல்வதுபோல, “உக்காந்துட்டான்” என்பாள். கொஞ்ச காலமாக அவன் உட்காரும்வரை காத்திருக்க முடிவதில்லை. ஊர் பெருத்துவிட்டது; தொட்டி பழைய தொட்டிதான். புதுத் தொட்டி வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேட்டவளும் அவள்தான்.

கேட்டது கிடைத்தது. கட்டத்தான் இடமில்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் பள்ளிக்கூடச் சுவர். பழைய தொட்டிகளை நிறுத்திவிட்டு அங்கேயே கட்டலாமென்றால் ஊர் தவித்துப்போகும். இடித்துவிட்டுக் கட்ட மிச்சமிருந்தது வளாகத்துக்குள் இருந்த ஊழியர் வீடு. அவள் வீடு.

அளக்க வந்த எஞ்சினியரிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “தண்ணி எதுவரைக்கும் நிக்கும் தம்பி?”

அவன் விளையாட்டாக, மட்டக் கருவியில் பார்த்துப் பார்த்து எல்லா அறையிலும் நீலக்கோடு இழுத்துவிட்டான். “இந்த மட்டம்க்கா.” கோடு சரியாக அவள் கழுத்துக்கு நேராக இருந்தது.

அன்றே கல்யாணப் படம் கோட்டுக்கு மேலே ஏறியது. படுக்கை மொட்டை மாடிக்குப் போயிற்று. கூடத்தைக் கடக்கும்போது கைகளால் எதையோ விலக்கிவிட்டு, மெல்ல நடக்கத் தொடங்கினாள். வேலையிடத்தில் இதெல்லாம் கிடையாது. அங்கே எல்லோரையும்போல விறுவிறுவென்று நடப்பாள். அதுதான் கணவரை அதிகம் பயமுறுத்தியது.

“தண்ணி குடிவரப்போற வீடுங்க. வர்றவங்களுக்கு வழி விடவேணாமா?” என்றாள்.

“நாம போனப்புறம்தானே வரும்?”

“வரும்போது யாராவது ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்.”

அதன்பிறகு அவர் படகு, டிக்கெட் என்று பேசவில்லை. வீடு மாறும் நாளில் இவள் படியிறங்குவாளா என்பதே அவர் கவலையாகிவிட்டது. ஒரு மதியம் ஜன்னல் வெயிலைக் காட்டினாள். கோட்டுக்கு மேலே தூசு அலைந்துகொண்டிருந்தது. கோட்டுக்குக் கீழே அலையவில்லை. மெல்ல, நேராக இறங்கியது.

“உக்காருது பாருங்க,” என்றாள்.

வெயில் சாய்ந்து விழுவதால் அப்படித் தெரிகிறது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

வீடு மாறும் நாளன்று அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை. சாமான் ஏறியதும் அவளே முதலில் வெளியே வந்து, வண்டியில் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வாடகைக்குப் பிடித்திருந்த மூன்றாம் மாடி வீட்டில் தண்ணீர் ஏறுமா என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். “வாங்க, நேரமாச்சு! ஜன்னலையெல்லாம் திறந்து விட்டுட்டு வாங்க.”

அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு போனார். சமையலறை ஜன்னலுக்குக் கையை உயர்த்தியபோது சட்டைப்பையிலிருந்து விசில் நழுவியது. தரையில் பட்ட சத்தம் வரவில்லை. குனிந்து பார்க்க வேண்டும்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் நீலக்கோட்டைப் பார்த்தார். அது அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. பிறகு மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் குனிந்தார்.