ஊதாச் சீட்டு

யாத்திரைப் பேருந்து முதல் திருத்தலத்தை அடையும் முன்பே உபதேசியார் விண்ணப்பச் சீட்டுகளை வழங்கிவிட்டார். உயிரோடிருப்பவர்களுக்காக வேண்டுவதற்கு வெள்ளைச் சீட்டு. இறந்தவர்களுக்காக ஊதாச் சீட்டு. மாலைத் திருப்பலிக்கு முன் உரிய பெட்டியில் போட்டுவிட்டால், பாதிரியார் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசிப்பார்.

சலவை நிலையமொன்றில் இஸ்திரி போடும் அவள், மூன்று ஆண்டுகளாக மகனின் பெயரை வெள்ளைச் சீட்டிலேயே எழுதி வந்தாள். நான்காண்டுகளுக்கு முன்பு அவன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் மூழ்கியது. பதினொரு உடல்கள் கரை சேர்ந்தன. அவனுடைய உடல் சேரவில்லை.

இந்த முறை வெல்டரான அவள் கணவர் முந்திக்கொண்டு ஊதாச் சீட்டை வாங்கி எழுதியே விட்டார்.

"இன்னும் எத்தன வருஷம் அவன நடுக்கடல்லயே நிறுத்தி வைக்கப்போற? அவன் ஆத்துமாவுக்காக நாமகூட வேண்டலன்னா எப்படி?"

"செத்தத நீங்க பாத்தீங்களா?"

"உசுரோட இருக்குறத நீ பாத்தியா?"

முன்னிருக்கைத் தையற்காரி திரும்பினாள். "அக்கா, மலைய முழங்கால்லயே ஏறப்போறீங்களாமே. நானும் வரேன். இறங்கும்போது மட்டும் என்ன மூட்ட கட்டித் தூக்கிட்டு வந்துடுங்க."

பேருந்தே சிரித்தது. அவள் உதடு மட்டும் அசையவில்லை.

மலைமேல் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள். முழங்கால் தோல் உரிய ஏறியவள், பதின்மூன்றாம் நிலையில் நின்றுவிட்டாள். அங்கிருந்த சிற்பத்தில், சிலுவையிலிருந்து இறக்கிய மகனைத் தாய் மடியில் கிடத்தியிருந்தார்கள்.

"இவங்களுக்காவது மடியில கிடைச்சான்" என்றாள். பின்னால் வந்த கணவரின் காதில் அது விழுந்தது.

அடுத்த தலத்தின் புனித ஊற்றில் எல்லாரும் முண்டியடித்துப் புட்டிகளில் நீர் பிடித்தார்கள். அவள் வெறுங்கையோடு நின்றாள்.

மூன்றாவது ஆலயத்தின் வாசலில் இரண்டு பெட்டிகளும் இருந்தன. அவளுக்கு இனி மல்லுக்கட்டத் தெம்பில்லை; வெள்ளைச் சீட்டை எழுதவும் இல்லை.

"என் கையால போடமாட்டேன். நீங்களே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் உள்ளே போனாள்.

திருப்பலியில் உயிரோடிருப்பவர்களின் பட்டியல் முதலில் வாசிக்கப்பட்டது. தையற்காரியின் மாமியார் பெயர்கூட வந்தது. பிறகு இறந்தவர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒரே குரலில் மறுமொழி சொன்னது. அவள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு, அடுத்தது அவன், அடுத்தது அவன் என்று காத்திருந்தாள்.

பட்டியல் முடிந்தது. மகனின் பெயர் வரவே இல்லை.

"போடலியா?"

அவர் மார்பைத் தொட்டுக் காட்டினார். வியர்வையில் நனைந்த சட்டைப்பையில் ஊதாச் சாயம் இறங்கியிருந்தது. அவளே தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை.

"பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். கை வரல."

நான்காண்டுகளாக, அவன் போய்விட்டான் என்று அடித்துச் சொல்லி வந்தவர் அவர் ஒருவர்தான். அவருடன் சண்டையிட்டுத்தான் அவள் நாள்களை ஓட்டி வந்தாள். இப்போது சண்டையிடவும் ஆளில்லை.

சீட்டை எடுத்துப் பிரித்தாள். எழுத்துகள் கரைந்து, பெயர் ஒரு திட்டாகியிருந்தது.

"அப்ப இன்னிக்கு அவனுக்காக யாருமே கேக்கல."

கூட்டம் எழுந்து இறுதிப் பாடலைத் தொடங்கியது. அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள்.