காதர் பாய் பார்க்காத ஆப்பிள் மரம்

போன வாரம் புதன்கிழமை. காலைக் காபி கையில் இருக்கும்போதே போன். காதர் பாய்.

"நைனா, டிக்கெட் வந்துட்சு. வெள்ளிக்கெழம காலைல ஏத்தி வுட்றாங்க."

"எங்க?"

"ஷார்ஜாவுக்குத்தான். எங்க மவன் வூட்டுக்கு. இனிமே அங்கியே இருந்துடுன்னு சொல்ட்டான்."

"திரும்பி எப்போ?"

"எழுபத்தெட்டு வயசுல ரிட்டர்ன் டிக்கெட் யார்பா எடுக்கறாங்க?" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஏதோ கடத்தல் சரக்கை விசாரிப்பது மாதிரி கேட்டார்: "அது… செவந்துச்சா?"

'அது' என்றால் என் மொட்டைமாடி ஆப்பிள்.

என் மாடித் தோட்டத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் பீற்றிக்கொள்ளாத மாசம் கிடையாது. இருந்தாலும் புதிதாகப் படிப்பவர்களுக்காக இன்னொரு தரம் பீற்றிக்கொள்கிறேன் — தப்பில்லையே?

நான் நாலாவதோடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன். இன்றைக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் சொந்த ஃப்ளாட். மூன்று பழக்கடை. எம்.பி.ஏ. படித்த பிள்ளைகள் இரண்டு பேர் என்னை 'சார்' என்று கூப்பிட்டு வேலை செய்கிறார்கள். ஒரு ஆப்பிளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும்… சிம்லாவா, காஷ்மீரா, கோல்டு ஸ்டோரேஜில் எத்தனை மாசம் தூங்கியது, எல்லாம் சொல்வேன். இந்த ஊரில் இதைச் சொல்லத் தெரிந்த இன்னொரு ஆள் உண்டு என்றால் அது காதர் பாய்தான். என் பார்ட்னர்.

பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஒரே தள்ளுவண்டி, இரண்டு முதலாளிகள். அதுதான் எங்கள் கம்பெனி. விடிவதற்குள் கொத்தவால் சாவடிச் சந்தைக்குப் போய்ப் பெட்டி எடுத்து வருவோம். தேவதாரு மரப்பலகையில் செய்த பெட்டி. சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியை நெம்பி மூடியைத் திறந்தால் வரும் பாருங்கள் ஒரு வாசனை… பலகை, காய்ந்த புல், பழம் மூன்றும் கலந்து! இன்றைக்கு எந்த சென்ட் பாட்டிலிலும் அது கிடையாது. புரட்டாசி வெயிலில் கையைப் பெட்டிக்குள் அடிவரை விட்டால் அங்கே கொஞ்சம் ஜில்லென்று இருக்கும். காஷ்மீரே அதுதான் என்று நினைத்துக்கொள்வோம்.

பழத்தைச் சுற்றி உருதுப் பேப்பர் இருக்கும். பாய்க்கு உருது படிக்க வரும். கசங்கிய துண்டை நீவி, பெரிய ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி படிப்பார். "ஸ்ரீநகர்ல இன்னிக்கு மழையாம்பா!" அந்த 'இன்னிக்கு' போய் ஒரு மாசம் ஆகியிருக்கும்.

பிளம்ஸ், பீச் எல்லாம் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வரும். விற்றிருக்கிறோம். ஆனால் ராஜா என்றால் ஆப்பிள்தான்.

ஒரு தரம் மயிலாப்பூரிலிருந்து வரும் மாமி ஒருத்தர் கேட்டார். "ஏம்ப்பா, ஆப்பிள் மரம் எப்படிப்பா இருக்கும்? எங்காத்துப் பொண்ணு ஸ்கூலுக்கு வரைஞ்சுண்டு போகணுமாம்."

தெரியாது என்று சொல்லும் வழக்கம் என்னிடம் கிடையாது. "நம்ம புளியமரம் மாதிரியே இருக்கும்மா" என்றேன். பாயும் சும்மா இல்லாமல், "ஆமாம்மா, பத்து ஆள் ஏறலாம்" என்று சேர்த்துவிட்டார். அடுத்த வாரமே மாமி வந்து நின்றார். "என்னடாப்பா இது! டீச்சர் முட்டை போட்டு அனுப்பிட்டாளே! நீங்க ரெண்டு பேரும் ஆப்பிள் மரத்தைப் பார்த்திருக்கேளா, இல்லையா?"

இல்லை! அதுதான் உண்மை. வாழ்நாள் முழுக்க ஆப்பிள் விற்ற எங்கள் இருவரில் ஒருத்தரும் ஆப்பிள் மரத்தைப் பார்த்ததில்லை. சீசனில் கடையை விட்டுப் போக முடியாது. சீசன் முடிந்தால் போய் என்ன பார்ப்பது? இப்படியே போய்விட்டது காலம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரி ஒன்றில், வெயில் தாங்கும் ஜாதி என்று ஒரு ஒட்டுக் கன்று கொடுத்தார்கள். நீல டிரம்மில் மண் நிரப்பி மொட்டைமாடியில் வைத்தேன். என் கை பட்டால் வளராதா? வளர்ந்தது. ஆளுயரம் வந்தது. இலை இலையாய் விட்டது. பூ மட்டும் ம்ஹூம்.

போன டிசம்பரில் இமாச்சலத்திலிருந்து லோடு கொண்டுவந்த லாரி டிரைவரைப் பிடித்தேன். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர்கள் இருவரும் பத்து நிமிஷம் பேசினார்கள். கடைசியில் பாய் தமிழுக்கு வந்தார்.

"நைனா, அவரு கேக்கறாரு… உன் மரம் எப்போ தூங்குதுன்னு."

"மரம் தூங்குமா?"

"அவுங்க ஊர்ல பனி பெஞ்சா எலயெல்லாம் கொட்டிட்டு மூணு மாசம் தூங்குமாம். அப்பால முழிச்சுத்தான் பூ வுடுமாம். நீ இன்னாடான்னா டெய்லி தண்ணி ஊத்தி அத்தத் தூங்கவே வுடாம பண்ணிக்கினு கீற!"

"இங்க பனிக்கு எங்க போறது?"

"கையால உருவிடு. எல எல்லாத்தையும். தண்ணியக் கொற. பனின்னு நெனச்சுக்கும்."

மரத்தை ஏமாற்றுவதா? வியாபாரிக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? மறுநாள் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு இலை விடாமல் உருவினேன். என் வீட்டுக்காரி வசந்தா கோலப்பொடிக் கையோடு மேலே வந்துவிட்டாள். "மார்கழி மாசத்துல பச்ச மரத்த மொட்ட அடிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தை கடைசியில் மொட்டைக் கிளையில் பூ வந்தது. வெள்ளை, ஓரத்தில் ரோஸ். என்னோடு பேசாமல் இருந்த அதே வசந்தாதான் பக்கத்து ஃப்ளாட்டையெல்லாம் கூட்டிவந்து காட்டினாள்! பூ உதிர்ந்து ஐந்து பிஞ்சு. நாலு உதிர்ந்தது. ஒன்று நின்றது.

பாய்க்குத் தினமும் போனில் ரிப்போர்ட். அவர் கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் படிதான். "உன் பொண்ணு போனுக்குப் போட்டோ அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். "போட்டோவ காலண்டர்லயே பாத்துட்டேன், போப்பா" என்றார். "செவந்ததும் சொல்லு."

அது சிவந்தபோதுதான் அந்த டிக்கெட் வந்தது.

வியாழக்கிழமை காலை மாடிக்குப் போனேன். சாத்துக்குடியை விடச் சின்னது. ஒரு கன்னம் சிவப்பு, மறு கன்னம் மஞ்சள். நண்பன் நாளைக்குப் போகிறான். அவன் முட்டியை ஏன் வதைக்க வேண்டும்? காம்பு போகாமல் பக்குவமாகத் திருகினேன். காம்பு போனால் பழத்தின் களையே போய்விடும், அது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். வேட்டியில் துடைத்துப் பளபளப்பாக்கினேன். சின்ன அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, நடுவில் உட்காரவைத்து மூடி, காரை எடுத்தேன்.

கொட்டிவாக்கம் வீட்டு ஹாலில் பெட்டி படுக்கையெல்லாம் கட்டித் தயாராக இருந்தது. பாய் மடியில் அட்டைப்பெட்டியை வைத்தேன். திறந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்… சும்மா சொல்லக்கூடாது, மாலை மரியாதையே எதிர்பார்த்தேன்.

"பறிச்சுட்டியா?" என்றார்.

"பின்ன? பறிக்காம எப்படிக் கொண்டாறது?"

"யார்யா உன்னக் கொண்டாரச் சொன்னது?" வைக்கோலை விரலால் தள்ளினார். "பறிச்ச ஆப்பிள நான் பாத்ததில்லயா? பொட்டிக்குள்ள, வைக்கோலுக்குள்ள… ஆயுசு பூரா அதான பாத்துக்கினு கீறேன்! மரத்துல தொங்கறத ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு…"

அவர் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, அந்தப் படிய ஏறணும்னுதான் அத்தா மூணு மாசமா தெனம் பிசியோதெரபி பண்ணாரு."

எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் நான்! சரக்கைப் பார்க்க வேண்டுமா, பெட்டியில் போட்டு எடுத்துப் போ — ஐம்பது வருஷத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நண்பன் கேட்டது சரக்கை இல்லை என்பது உறைக்கவே இல்லை.

பாய் மூடியை மூடினார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வண்டிய எடு."

"மரத்துல ஒண்ணும் இல்லயே பாய்…"

"மரம் கீதுல்ல? எடு."

திருவான்மியூர், அடையாறு பாலம்… வழியெல்லாம் அட்டைப்பெட்டி பாய் மடியிலேயே இருந்தது. நாலாவது மாடியிலிருந்து இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கி ஏறினார். நடுவில் ஒரு தரம் கை கொடுத்தேன். "தள்ளு, உன் தயவு இப்ப வேணாம்" என்றார். கோபம் போகவில்லை.

மேலே வந்து மரத்தைப் பார்த்தார். கையால் அளந்தார். "புளியமரமா இது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.

பின்னாலேயே ஸ்டூலோடு வந்த வசந்தா எங்களையும் என் கையிலிருந்த பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தாள். கீழே போய்ப் பூக்கட்டும் நூலை எடுத்து வந்தாள். பெட்டியிலிருந்த பழத்தை எடுத்துக் காம்பில் நூலைச் சுற்றி, நான் திருகிய அதே கிளையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். இரண்டு இலையை இழுத்து நூலை மறைத்தாள். கையை எடுத்தாள்.

தொங்கியது.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். கடல் காற்றில் கிளை ஆடியது, பழமும் ஆடியது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று மாசமாகத் தினம் அளந்தேனே தவிர, நானும் அதை அப்போதுதான் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து, "சரி பாய், எடுத்துக்கினு போ. ஷார்ஜால உன் மவனுக்குக் காட்டு" என்றேன்.

"வேணாம் நைனா. நான் பிளேன் ஏறிப் போனப்புறம் பறிச்சுக்கோ."

"ஏற்கெனவே பறிச்சதுதான பாய்?"

"அது உனக்கு. எனக்கு இன்னும் மரத்துலதான் கீது."

வெள்ளிக்கிழமை விமானம் போய்விட்டது. பழம் சுருங்கத் தொடங்கிவிட்டது. வியாபாரக் கண்ணால் பார்த்தால் அது கழிவுச் சரக்கு. வசந்தா நேற்றும் கேட்டாள்: "எப்பதாங்க அத அவுக்கப் போறீங்க?"

நானா? ஒரு தரம் பறித்ததே போதும்!